அத்தானின் வார்டில் ஒரு கார்

என் அத்தான் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் கட்டில் விரிப்பைச் சரி செய்வார். அக்காவைக் கல்யாணம் செய்துகொண்ட புதிதில் ஒருநாள் அப்பா அவரிடம் எதற்கோ எகிறிக் குதித்துக்கொண்டிருந்தார். அத்தான் பதிலே பேசாமல், அப்பா சாய்ந்திருந்த கட்டிலின் விரிப்பை நான்கு மூலையிலும் இழுத்து மடித்துச் செருகினார். பிறகு அப்பாவின் மேல் போர்வையைப் போர்த்தி, அதையும் அதே மாதிரி செருகிவிட்டுப் போய்விட்டார். அப்பாவால் காலை அசைக்க முடியவில்லை. சண்டை அதோடு முடிந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் அவர் நர்ஸ். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அதே வார்டுதான். மாற்றல் கேட்டதும் இல்லை, கொடுத்தபோது வாங்கிக்கொண்டதும் இல்லை. தெருவில் அவருக்கு 'ஸ்டாஃப்' என்று பெயர். கதவை முழங்கையால் திறப்பார். சாப்பிட உட்காரும் முன் முழங்கை வரை சோப்புப் போடுவார். ரப்பர் செருப்பு என்பதால் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நிற்பார், எனக்கு உயிர் போய் உயிர் வரும். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, "ஒண்ணுமில்ல, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று அக்காவிடம் கேட்டபோதும் அதையேதான் சொன்னாராம்.

"எறும்பு எங்க, இந்த மனுஷன் எங்க" என்பாள் அக்கா.

இப்படிப்பட்டவர் கையில் ஒரு கார் சிக்கிக்கொண்ட கதையைத்தான் சொல்ல வந்தேன்.

கார் அக்காவுடையது. அதற்கு முன் அப்பாவுடையது. மூக்கு நீண்டு, முதுகு உருண்டு, விளக்கு இரண்டும் முழித்துக்கொண்டிருக்கும் பழைய கார். அப்பா அதை அக்காவிடம் தந்ததே இல்லை. ஸ்டியரிங் கனம், பெண் பிள்ளையால் திருப்ப முடியாது என்பது அவர் கட்சி. எனக்குத்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நான் திருப்பியே பார்க்காமல் நேராகப் போய் எதிர்வீட்டு வக்கீலின் சுற்றுச்சுவரை இடித்துத் தள்ளினேன். அன்றைக்குச் சாக்குப் போர்த்தி ஷெட்டில் நிறுத்திய கார், அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அப்படியே நின்றது. சொத்து பிரித்தபோது நான் மாடி அறையை எடுத்துக்கொண்டேன், அக்கா கீழ்வீட்டையும் காரையும் எடுத்துக்கொண்டாள். எனக்கு அந்தக் காரைப் பார்த்தாலே வக்கீல் முகம் ஞாபகம் வரும் என்பதால், போனது போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

அக்காவின் வேலையைச் சொல்ல வேண்டும். பஸ் நிலையத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மைக்கில் அறிவிப்பது. எந்த ஊர் பஸ் எந்த மேடையில் நிற்கிறது, எது கிளம்பப் போகிறது, எது தாமதம் என்று எல்லாம் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஊர் ஊராக ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தாள். அவள் மட்டும் வீட்டிலிருந்து நடந்து போய், நடந்து வந்தாள். ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கும்போது டிரைவிங் பள்ளியில் சேர்ந்தாள். இரண்டு முறை ஃபெயிலாகி மூன்றாம் முறை லைசென்ஸ் வாங்கினாள். வாங்கி வந்த அன்று சாப்பாட்டு மேசையில் அதை வைத்துவிட்டு, ஒரே ஒரு ஆசையைச் சொன்னாள்.

"கடைசி நாள் டூட்டி முடிஞ்சதும், அந்த பஸ் ஸ்டாண்டு கேட்டு வழியா என் வண்டிய நானே ஓட்டிக்கிட்டு வெளிய போகணும். எல்லாரும் பாக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

அத்தான் தலையாட்டினார். போர்வையைத் தொடவில்லை. அதனால் அவருக்கும் சம்மதம் என்றுதான் நான் நினைத்தேன்.

மெக்கானிக் என்ஜினைப் பிரித்து மாட்டினான். துரு தின்ற இடங்களில் எல்லாம் தகடு வைத்தார்கள். கடைசியாக பெயிண்டர் வாங்கிக்கொண்டு போனார். அவர் எந்த வண்டிக்கு அடிக்கிறாரோ அந்த நிறத்தில் புருவம் இருக்கும். ஒருநாள் விடிந்ததும் மாதுளம்பழ நிறத்தில் புருவத்தையும் காரையும் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். காரில் குனிந்து பார்த்தால் முகம் தெரிந்தது. அக்கா குனிந்து முகத்தைப் பார்த்து முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"மேல பாத்தா காஞ்ச மாதிரிதான் தெரியும்" என்றார் பெயிண்டர். "உள்ள ஈரம் இருக்குங்க. பெயிண்ட்ல கலந்த தின்னர் எல்லாம் மெதுவாத்தான் வெளிய வரும். மூணு மாசத்துக்கு மெழுகு மட்டும் போட்டுராதீங்க. மெழுகு போட்டா மூடிரும். உள்ள இருக்கிறது வெளிய வர வழியில்லாம கொப்புளம் வந்துரும்."

கொப்புளம் என்றதும் அத்தானின் முகம் மாறியது. அதுவரை அவருக்கு அது ஒரு கார். அந்த நிமிஷத்திலிருந்து அது அவர் வார்டு.

"டிரெஸ்ஸிங் இல்லாம திறந்தே விடணும்" என்றார்.

"என்னது?" என்றார் பெயிண்டர்.

"ஒண்ணுமில்ல. குளிப்பாட்டலாமா?"

"கழுவலாம். தண்ணி ஊத்தி, கொஞ்சம் ஷாம்பு, மெத்துன்னு துணி. அழுத்தித் தேய்க்காதீங்க. வெயில்ல போடாதீங்க."

அக்கா விரல் விட்டுப் பார்த்தாள். அவள் ஓய்வு பெறும் நாளுக்கு முந்தைய வாரம் மூன்று மாதம் முடிகிறது. கணக்குச் சரியாக வந்ததில் அவளுக்கு ஒரே சந்தோஷம். நானும் சந்தோஷப்பட்டேன். எனக்கு என்ன வரப் போகிறது என்று அப்போது தெரியாது.

அத்தான் ஷெட்டை பினாயில் போட்டுக் கழுவினார். கூரையில் வெள்ளைத் துணி கட்டினார். ஜன்னலுக்கு வலை அடித்தார். காரைச் சுற்றி, ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட திரையொன்றைச் சக்கரம் வைத்த கம்பியோடு கொண்டுவந்து நிறுத்தினார். செருப்பு வெளியே. ஷெட்டை ஒட்டித்தான் சமையலறை. எண்ணெய்ப் புகை பெயிண்டில் படியும் என்று அடுப்பைத் தூக்கி என் அறையில் வைத்துவிட்டார்கள். பிரம்மச்சாரியின் அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, இப்போது ஒரு குடும்பத்தின் அத்தனை பாத்திரமும். சூடான சாப்பாடு கிடைத்தது உண்மைதான். சட்டையெல்லாம் தாளித்த வாசனை அடித்ததும் உண்மை.

தெருமுனையில் எனக்கு ஜெராக்ஸ் கடை. அத்தான் அங்கே வந்து ஒரு தாளை நீட்டி, ஷெட் வாசலில் பலகையில் ஒட்டுவதற்குப் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தரச் சொன்னார். பார்வையாளர் நேரம் மாலை நான்கு முதல் ஆறு வரை. ஒரே சமயத்தில் இருவருக்கு மேல் அனுமதி இல்லை. தொடக் கூடாது. மோதிரம், வளையல், பெல்ட் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு வரவும்.

"பெல்ட் எதுக்கு அத்தான்?"

"பக்கிள் உரசும் மாப்ள. ஒரு கீறல் போதும், இன்ஃபெக்‌ஷன்."

"அது கார் அத்தான்."

"தோலு தோலுதான்" என்றார் அவர்.

தெரு சிரிக்கும் என்று நினைத்தேன். தெரு சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம். முதல் நாள் வக்கீலும் பேக்கரிக்காரரும் வந்தார்கள். பலகையைப் படித்தார்கள், பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்கள், ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். வெள்ளைத் துணியும் பினாயில் வாசனையும் திரையும் சேர்ந்து என்ன செய்ததோ தெரியவில்லை, இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

"எப்படி இருக்கு?" என்று வக்கீல் கிசுகிசுத்தார்.

"ஸ்டேபிளா இருக்கு" என்றார் அத்தான்.

"வலி ஏதும்…" என்று ஆரம்பித்த பேக்கரிக்காரர், தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

அடுத்த நாள் பேக்கரிக்காரர் ரொட்டி கொண்டுவந்தார். வெறுங்கையோடு எப்படி வருவது என்று கூச்சமாக இருந்ததாம். அதைப் பார்த்துவிட்டு வக்கீலின் மனைவி ஆரஞ்சு வாங்கி வந்தாள். பம்பர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அதன் மேல் எல்லாவற்றையும் வைத்தார்கள். பார்வை நேரம் முடிந்ததும் நான் சாப்பிட்டேன். காருக்கு என்று வந்த ஆரஞ்சைத் தின்றதற்காக என்னை அந்தத் தெருவே ஒரு மாதிரியாகப் பார்த்தது.

"நேத்துக்கு இன்னிக்குப் பரவால்ல" என்பார் ஒருவர். "முகத்துல ஒரு களை வந்திருக்கு."

"என் மச்சினன் வண்டிக்கும் இதேதான்" என்பார் இன்னொருவர். "அவசரப்பட்டு மெழுகு போட்டாங்க. தாங்கல. ரெண்டே மாசம்."

"அடப்பாவமே. நல்ல வண்டியா?"

"தங்கமான வண்டி."

ராத்திரியில் யார் துணைக்கு இருக்கிறார்கள் என்று வக்கீலின் மனைவி கேட்டாள். யாரும் இல்லை, கதவைப் பூட்டிவிடுவோம் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். அவள் நெஞ்சில் கை வைத்தாள். அன்று முதல் அத்தானுக்கு இரவு டூட்டி வந்தால் ஷெட்டில் பாய் போட்டுப் படுப்பது என் தலையில் விழுந்தது. தின்னர் வாசனையில் தலை கிறுகிறுத்து, ஒரு தடவை நானே காரிடம் "தண்ணி வேணுமா?" என்று கேட்டுவிட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அத்தான் வாராவாரம் காரைக் குளிப்பாட்டுவார். அதைப் பார்க்க வேண்டும். இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். முதலில் மேலிருந்து தண்ணீரை வழியவிட்டு மண்ணை இறக்குவார். பிறகு பழைய பனியன் துணியை ஷாம்பில் முக்கி, கூரையிலிருந்து கீழ்நோக்கி, ஒரே திசையில் இழுப்பார். ஒரு இழுப்புக்கு ஒரு தரம் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பு வாளிக்குப் போவார். சக்கரத்துக்குத் தனித் துணி, கடைசியில். எந்தப் பகுதியைக் கழுவுகிறாரோ அதை மட்டும் திறந்து வைத்து, மற்ற இடங்களைப் படுக்கை விரிப்பால் மூடியிருப்பார். பின்பக்கம் கழுவும்போது திரையை இழுத்துவிட்டு எங்களை வெளியே நிற்கச் சொல்வார். ஒரு தடவை என் கையிலிருந்து துணி தவறித் தரையில் விழுந்தது. எடுத்து உதறிவிட்டுத் துடைக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கீழ விழுந்தது விழுந்ததுதான் மாப்ள. அதுல இருக்கிற ஒரு மணல் போதும், முழு நீளத்துக்குக் கோடு போட்டுரும்."

அந்தத் துணியைக் குப்பையில் போட்டார். அது என்னுடைய நல்ல பனியன்.

சும்மா சொல்லக் கூடாது, பெயிண்ட் நாளுக்கு நாள் தேறி வந்தது. வாசனை குறைந்தது. கண்ணாடி மாதிரி இறுகியது. ஆனால் அக்காவை அந்தக் கார் பக்கத்தில் விடவே இல்லை. சீட்டில் உட்கார்ந்து கியர் பழக வேண்டும் என்று அவள் கேட்பாள். கதவைத் திறந்தால் அதிரும் என்பார். சரி, என்ஜினையாவது போட்டுப் பார்க்கிறேன் என்பாள். சூடு ஆகாது என்பார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சொந்தக் காரைப் பார்க்க அவளும் வளையலைக் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கீழ்வீட்டில் கோபத்தைக் காட்டினால் மேல்வீட்டில் சாப்பாடு கிடைக்காது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

மூன்று மாதம் முடிந்தது. அக்கா மெழுகு டப்பாவை வாங்கி வந்து மேசை மேல் வைத்தாள். அத்தான் அதை எடுத்துப் பார்த்தார், பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்தார், அலமாரிக்குள் வைத்தார்.

"இன்னும் ஒரு மாசம் அப்சர்வேஷன்ல வெப்போம்."

"எனக்கு அடுத்த வாரம் கடைசி நாளுங்க."

"தெரியும். ஒண்ணுமில்ல, எறும்பு…"

"எறும்பப் பத்திப் பேசினீங்க, நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது."

அன்றிலிருந்து அக்கா வீட்டில் சொந்தக் குரலில் பேசுவதை நிறுத்திவிட்டாள். எல்லாம் பஸ் நிலையக் குரல்தான். மூக்கில் லேசாக ஏறி, ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டு வரும். "கவனிக்கவும். இரவுச் சாப்பாடு இரண்டாம் மேடையில் நிற்கிறது. முதல் மேடையில் நிற்பது நேற்றைய சாப்பாடு. தவறி எடுத்துவிட வேண்டாம்." அத்தான் குளியலறைக்குள் இருந்தால், "உள்ளே இருப்பவர் இன்னும் சற்று நேரத்தில் புறப்பட வேண்டும்" என்று கதவுக்கு வெளியே அறிவிப்பு வரும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அறிவித்து முடித்ததும் அவள் உதடு துடிக்கும். நான் அதைப் பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்தான் பெயிண்டரைக் கூட்டி வந்தேன். பெரிய டாக்டர் வருகிறார் என்று தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. வக்கீலும் பேக்கரிக்காரரும் ஷெட் வாசலில் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெயிண்டர் புருவம் அந்த வாரம் மஞ்சள். பலகையைப் படித்துவிட்டு, என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, அவரும் மோதிரத்தைக் கழற்றினார். கதவின் உள்விளிம்பில் யார் கண்ணிலும் படாத இடத்தில் நகத்தை அழுத்திப் பார்த்தார். பதியவில்லை. மூக்கை வைத்து முகர்ந்தார்.

"ஆயிருச்சு. தாராளமா மெழுகு போடலாம்."

வெளியே யாரோ கை தட்டினார்கள். பேக்கரிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வேற யார்கிட்டயாவது ஒரு ஒப்பீனியன்…" என்றார் அத்தான்.

"வண்டியில இனி ஒண்ணுமில்லைங்க" என்றார் பெயிண்டர். "எதுக்குப் பயப்படுறீங்க?"

அத்தான் ஸ்டூலின் மேல் விரித்திருந்த துணியை நான்கு மூலையிலும் இழுத்து விட்டார்.

கடைசி நாள் காலையில் அக்கா வேலைக்குக் கிளம்பும்போது, "மாலை ஐந்து மணிக்கு மாதுளை நிற வண்டி முதல் மேடைக்கு வந்து சேரும் என எதிர்பார்க்கப்படுகிறது" என்று அறிவித்துவிட்டுப் போனாள். பெயிண்டர் வந்து ஓட்டிக்கொண்டு போய்க் கொடுப்பது என்று ஏற்பாடு. அத்தான் லீவு போட்டிருந்தார். அவள் தெருவைத் தாண்டியதும் அலமாரியைத் திறந்து மெழுகு டப்பாவை எடுத்தார்.

தெருவே வந்தது. இனித் தொடலாம் என்றதும் எல்லோரும் போய் முழங்கை வரை சோப்புப் போட்டு வந்தார்கள். அத்தான் விரல் நுனியில் துளி மெழுகு எடுத்து, துணியில் வைத்து, சிறுசிறு வட்டமாகத் தடவினார். மெல்லிசாகப் பூசி, வெள்ளையாக மங்கும் வரை விட்டு, வேறு சுத்தமான துணியால் துடைத்து எடுக்க வேண்டும். துடைப்பதை எங்களுக்குக் கொடுத்தார். கதவு வக்கீலுக்கு, பின்பக்கம் பேக்கரிக்காரருக்கு, விளக்கைச் சுற்றி எனக்கு. ஒருவரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. வெள்ளை விலக விலக உள்ளிருந்து நிறம் வந்தது. நாங்கள் அதுவரை பார்த்தது பாதிதான் என்று தெரிந்தது. வக்கீல் தன் முகத்தைக் கதவில் பார்த்து, "நான் இவ்வளவு வயசாயிட்டேனா?" என்று மட்டும் கேட்டார்.

நான்கு மணிக்குப் பெயிண்டர் வந்து சாவியைக் கேட்டார். அத்தான் கொடுக்கவில்லை.

"டிஸ்சார்ஜ் ஆகுற பேஷண்ட் தன் கால்ல நடந்து போகக் கூடாது" என்றார். "சக்கர நாற்காலியில வெச்சு வாசல் வரைக்கும் தள்ளிட்டுப் போகணும். அதான் ரூல்."

"அதுக்கு?"

"தள்ளுவோம்."

பெயிண்டர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். வக்கீல் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். வீட்டு ஆள் என்ற முறையில் என்னை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தார்கள். என்ஜின் ஓடாதவரை நான் நல்ல ஓட்டுநர். பின்னால் பத்துப் பதினைந்து பேர், பக்கத்தில் கதவில் கை வைத்தபடி அத்தான், முன்னால் "ஓரம், ஓரம்" என்று வழிவிலக்கிக்கொண்டு பேக்கரிக்காரர். சைக்கிள்கள் எங்களை முந்திப் போயின. ஒரு பெரியவர் நடந்தே முந்திப் போனார். எதிரே வந்தவர்கள் யாரோ பாவம் என்று ஒதுங்கி நின்றார்கள். மேட்டில் ஏறும்போது வக்கீலின் பேண்ட் கழன்றுவிட்டது. பெல்ட் ஆணியிலேயே மாட்டியிருந்தது.

பஸ் நிலையத்துக்குள் போய் முதல் மேடையில் நிறுத்தினோம். ஒலிபெருக்கியில் அக்காவின் குரல் கேட்டது. "முதல் மேடையில்" என்று தொடங்கி, நின்றது. கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள். "முதல் மேடையில் நிற்கும் வண்டி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். இந்த வண்டி என்னுடையது." டிரைவர்களும் கண்டக்டர்களும் கேட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக வந்து நின்றார்கள். கழுத்தில் மாலையோடு அக்கா இறங்கி வந்தாள். நான் சீட்டைவிட்டு எழுந்தேன். அவள் உட்கார்ந்தாள், இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தாள், சாவிக்காகக் கையை நீட்டினாள்.

அத்தான் காருக்கு முன்னால் போய் நின்றார்.

"வீடு வரைக்கும் தள்ளிட்டே போயிரலாம்" என்றார். "நீ சும்மா ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கோ. எல்லாரும் பாக்குறாங்கல்ல, அது போதாதா?"

அக்காவின் முகத்தில் ரத்தம் ஏறியதை நான் பார்த்தேன். அவள் கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை.

"பெயிண்டுக்காகவா இதெல்லாம்?" என்றாள், தன் சொந்தக் குரலில்.

அத்தான் பானெட்டின் மேல் உள்ளங்கையை ஊன்றினார். மெழுகு போட்ட இடம் அது. வேறு யார் வைத்திருந்தாலும் கையை ஒடித்திருப்பார்.

"தீப்பிடிச்ச வண்டியிலிருந்து எங்க வார்டுக்கு என்னென்ன வருதுன்னு உனக்குத் தெரியாது" என்றார். "நான் வீட்ல ஒரு நாளும் சொன்னதில்ல. நீ லைசென்ஸ் வாங்கிட்டு வந்த அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. எனக்குப் பயமா இருக்கு. போகாத."

அவ்வளவு பேர் நடுவில் அத்தான் பயம் என்று சொன்னார். எனக்கு அவர் மேல் மூன்று மாதமாக இருந்த ஆத்திரமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவி மனுஷன், இதை அன்றைக்கே சாப்பாட்டு மேசையில் சொல்லியிருந்தால் என் பனியனாவது மிஞ்சியிருக்கும்.

அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"நான் இத்தனை வருஷமா எத்தனை பஸ்ஸ அனுப்பியிருக்கேன் தெரியுமா? ஒவ்வொண்ணுலயும் ஐம்பது பேரு. போய்ச் சேர்ந்துச்சா இல்லையான்னு ஒரு தடவைகூட யாரும் வந்து எங்கிட்ட சொன்னதில்ல. எனக்கும் பயமாத்தாங்க இருந்துச்சு. அதுக்காக எந்த பஸ்ஸயாவது நிறுத்தி வெச்சேனா? சாவியக் கொடுங்க."

அத்தான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு விலகி நின்றார். பானெட்டில் அவருடைய ஐந்து விரலும் பதிந்திருந்தது. துடைக்கத் துணியை எடுப்பதற்குள் என்ஜின் பிடித்துக்கொண்டது. கார் ஒரு குலுக்குக் குலுக்கி, ஒரு தரம் நின்று, மறுபடி கிளம்பி, கேட்டைத் தாண்டிப் பெரிய சாலையில் திரும்பிவிட்டது. டிரைவர்கள் எல்லோரும் தங்கள் தங்கள் பஸ்ஸில் ஏறி ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தார்கள்.

அத்தான் துணியும் கையுமாகப் பயணிகள் பெஞ்சில் உட்கார்ந்தார். வார்டுக்கு வெளியே இப்படி உட்கார்ந்திருக்கும் உறவுக்காரர்களிடம், போய் ஏதாவது சாப்பிட்டு வாங்க என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். நான் அதையே அவரிடம் சொன்னேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. உள்ளே நுழையும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்து ஓடி, "வழியில ஒரு மாதுளை கலர் கார் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"பாலத்துக்கிட்ட பாத்தேன் ஸ்டாஃப்" என்றார் ஒரு டிரைவர். "நல்லாத்தான் போறாங்க."

"ரவுண்டானாவ மூணு தடவை சுத்தினாங்க" என்றார் அடுத்தவர். "ஏன்னு கேட்டேன். சும்மாதான்னாங்க."

"என்னை ஓவர்டேக் பண்ணிட்டாங்க" என்றார் மூன்றாமவர், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

அத்தான் ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். கையிலிருந்த துணி கீழே விழுந்தது. எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பொழுது சாயும் நேரத்தில் கார் கேட்டுக்குள் நுழைந்தது. பாதிக் கதவு வரை சேறு. பானெட்டெல்லாம் புழுதி. அதன் அழகை நான் மூன்று மாதம் பாயில் படுத்துக் காத்தவன், எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அத்தான் எழுந்து நேராகப் போனார். பானெட்டைத் தாண்டினார், கதவைத் தாண்டினார், எதையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்குள் கையை விட்டு அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தார். மறு கையில் கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் வந்து நின்ற பஸ் ஹாரன் அடித்தது. அவர் ஒரு நிமிஷம் முழுவதும் விடவில்லை.

"நூத்திப் பத்து" என்றார்.

"ஜாஸ்தியா?" என்றாள் அக்கா. மாலையில் பாதிப் பூ உதிர்ந்து, முடி கலைந்து, அவள் முகம் பளபளவென்று இருந்தது.

"ஜாஸ்திதான்."

"அப்போ இறங்கட்டுமா?"

அத்தான் யோசித்தார். சுற்றிக்கொண்டு போய் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். அவள் கையை மறுபடி எடுத்து விரலை வைத்துக்கொண்டார்.

"இன்னொரு ரவுண்டு போ" என்றார். "எவ்வளவு வரைக்கும் ஏறுதுன்னு பாக்கலாம்."

"கையப் பிடிச்சுக்கிட்டா கியர் எப்படிங்க போடறது?"

"நான் போடறேன். எது எங்கன்னு சொல்லு."

எங்களை யாரும் ஏறச் சொல்லவில்லை. நானும் வக்கீலும் பேக்கரிக்காரரும் வீட்டுக்கு நடந்தே வந்தோம்.